சித்திரசாலையில் ஒரு மிருக யாத்திரை

குழந்தைகளுடன் சித்திரசாலைக்குச் செல்வதென்றால் பெற்றோர் பலருக்கும் அச்சந்தான். மூன்றாவது படத்திலேயே, "வீட்டுக்கு எப்போது போகலாம்?" என்ற கேள்வி எழுந்துவிடும். லண்டன் டிரபால்கர் சதுக்கத்திலுள்ள தேசீய சித்திரசாலையிலோ 2,300க்கு மேற்பட்ட சித்திரங்கள்! கட்டணம் கிடையாது என்பதற்காக அத்தனையையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்க முனைவது வீண். என் மகளையும் மகனையும் அங்கே அழைத்துச் சென்றபோது ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: மன்னரையும் மகான்களையும் விட்டுவிட்டு, மிருகங்களை மட்டும் தேடுவது. கலாவிமர்சகர்கள் மன்னிப்பார்களாக.

முதலில் அகப்பட்டது குதிரை. ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762-ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய 'விஸில்ஜாக்கெட்'. ஏறக்குறைய பத்தடி உயரம். மரமில்லை, வானமில்லை, சவாரி செய்பவனுமில்லை. வெறும் வெளியில் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கிறது. இறந்த குதிரைகளை மாதக்கணக்கில் அறுத்து ஆராய்ந்து, தசையும் எலும்பும் கற்றவர் ஸ்டப்ஸ். பையன் அண்ணாந்து பார்த்து இரண்டடி பின்வாங்கினான்.

ஹென்றி ரூஸோ 1891-இல் வரைந்த புலி, புயல் மழையில் புதருக்குள் பதுங்குகிறது. ரூஸோ பிரான்ஸ் தேசத்தைத் தாண்டியறியாதவர். பாரிஸ் தாவரத் தோட்டத்தைப் பார்த்தே கானகத்தைக் கற்பித்துக்கொண்டார். "பயந்திருப்பது புலியல்லவா!" என்றாள் மகள். கண்களைப் பார்த்தால் அவள் சொன்னதே சரியென்று தோன்றிற்று. ஹோல்பைன் வரைந்த சீமாட்டியின் கையில் ஓர் அணில்; அதற்கும் சங்கிலி.

கடைசியில் காண்டாமிருகம். வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ லோங்கியின் சித்திரம். அந்த மிருகம் நம் பாரத நாட்டில் பிறந்தது. தாயை வேட்டைக்காரர் கொன்றுவிட, குட்டி டச்சுக்காரர் கைக்குப் போய், 1741-இல் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கியது. கிளாரா என்று பெயரிட்டு, ஊர் ஊராகக் காட்டிப் பணம் சேர்த்தார்கள். 1751-இல் வெனிஸ் திருவிழாவில் நின்றபோது அதற்குக் கொம்பும் இல்லை. உதிர்ந்த கொம்பைக் காவலன் கையில் உயர்த்திப் பிடித்திருக்கிறான். முகமூடி தரித்த சீமான்களும் சீமாட்டிகளும் பின்னால் வரிசையாயிருக்க, அது பாட்டுக்கு வைக்கோல் தின்கிறது.

"காசு கொடுத்து வந்தவர்கள் ஏன் அப்பா அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்கள்?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பையனுடைய கவலை வேறு. "பிறகு ஊருக்குத் திரும்பிப் போயிற்றா?"

"இல்லை. 1758-இல் இதே லண்டனில் இறந்துபோயிற்று."

அதன்பின் அவன் வேறு மிருகம் எதையும் தேடவில்லை. வாசல்வரை வந்தவன், என் கையை உதறிக்கொண்டு, மறுபடி அந்தப் படத்தினிடமே ஓடினான்.