எதை எடுப்பது? எதை விடுவது?

வெளியூர்ப் பயணத்துக்குப் பெட்டி கட்டுதல் எளிய காரியம். எத்தனை நாள் தங்குவோம், எந்நாள் திரும்புவோம் என்பன முன்னரே தெரிந்திருத்தலால், எத்தனை உடுப்பு வேண்டும், வழிக்கு எவ்வளவு பலகாரம் வேண்டும் என்று வீட்டிலுள்ள பெண்கள் நொடியிற் கணக்கிட்டு விடுவார்கள். ஆனால் உயிரைக் காக்கும் பொருட்டு வீட்டை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு அந்த ஒரு கணக்கே இல்லாமற் போய்விடுகிறது. திரும்பும் நாள் தெரியாதவர் எதை எடுப்பார்? எதை விடுவார்?

குடாநாட்டு மக்களாகிய நாம் இக்கேள்வியை நூல்களிற் படித்து அறிந்தவர்கள் அல்லர். எம்மிற் பலர் அதற்கு ஒரு முறையன்று, பல முறை விடை கூற வேண்டியிருந்தது. இன்று பாடசாலையிற் பயிலும் மாணவர்களுக்கு அது தாய் தந்தையர் சொல்லக் கேட்ட கதை. அக்கதையினின்று குடும்பங்கள் கற்கத்தக்கது யாதென இங்கு ஆராய்வோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, 'சூரியக் கதிர்' எனப் பொருள்படும் 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை வலிகாமத்தில் ஆரம்பமாயிற்று. படைகள் நகரை நெருங்கிய வேளையில், அம்மாதம் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே தென்மராட்சிக்குச் செல்ல வேண்டுமென விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தனர். ஐப்பசி மாத அடைமழைக் காலம். தென்மராட்சிக்குச் செல்லும் வழிகளோ மிகச் சில. செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலம் ஒன்று. கோப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் பாலம் மற்றொன்று. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படும் மக்கள் திரள் இவ்வொடுங்கிய வழிகளிலே ஊர்ந்து சென்றது. சாதாரண நாளில் துவிச்சக்கர வண்டியில் ஒரு மணி நேரத்திற் கடக்கக்கூடிய தூரத்துக்குப் பலருக்கு ஓர் இரவு முழுவதும் போதவில்லை.

அந்நாளிற் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருள். ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு வாகனம் எனப்பட்டது துவிச்சக்கர வண்டி ஒன்றேயாகும். அதன் பின் கரியரில் ஏற்றக்கூடியது ஓர் உரப்பை. கைபிடியில் தொங்கக்கூடியவை இரண்டொரு பைகள். நடக்க இயலாத ஆச்சியைக் கரியரில் ஏற்றினால் உரப்பைக்கு இடமில்லை. குழந்தையைப் பாரில் இருத்தினால் தையல் இயந்திரம் வீட்டோடு நிற்க வேண்டியதுதான். எதை எடுப்பது என்ற கேள்வி இங்கு ஆசையினால் தீர்மானிக்கப்படவில்லை. ஒரு சைக்கிள் தாங்கும் பாரமே அதைத் தீர்மானித்தது.

அவ்வேளையிற் பெரும்பாலோர் மனத்தில் இருந்த கணக்கு, சில நாளிலோ ஒரு கிழமையிலோ திரும்பிவிடலாம் என்பதே. அதற்கேற்ப அரிசி, மா, பாய், போர்வை, இரண்டொரு சட்டி பானை, மாற்றுடுப்பு ஆகியவை கட்டப்பட்டன. அம்மியும் ஆட்டுக்கல்லும் எங்கும் போய்விடமாட்டா என்று விடப்பட்டன. மாடும் ஆடும் கயிறு அவிழ்த்து விடப்பட்டன. படலையைச் சாத்திவிட்டுச் சென்றோர், தென்மராட்சியும் படையினர் வசமான 1996 ஏப்ரல், மே மாதங்களிலேதான் திரும்பலாயினர். ஏறத்தாழ ஆறு மாதமாயிற்று. கிளாலிக் கடனீரேரியைத் தாண்டி வன்னிக்குச் சென்ற குடும்பங்களுக்கோ காலம் இன்னும் நீண்டது.

இதற்கும் முந்திய உதாரணம் ஒன்றுண்டு. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது, பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை முதலிய வலிகாம வடக்கு ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009இல் போர் முடிந்த பின்னரே, அதுவும் பகுதி பகுதியாகவே, அவை விடுவிக்கப்படலாயின. வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளிலே தாயின் மடியிலிருந்த குழந்தை, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பின்னரும் தன் பிறந்த முற்றத்தைக் காணவில்லை.

இத்தகைய கணக்குப் பிழை எமக்கு மட்டும் உரியதன்று. 1986 ஏப்ரல் 26இல் அக்காலச் சோவியத் யூனியனின் செர்னோபில் அணு உலை வெடித்தது. மறுநாள் அருகிலிருந்த பிரிப்பியத் நகரத்து மக்கள் ஏறத்தாழ 50,000 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். மூன்று நாளைக்கெனச் சொல்லி, பத்திரங்களையும் அவசியமான சில பொருள்களையும் மட்டும் எடுக்குமாறு பணிக்கப்பட்டனர். அந்நகரம் இன்றும் ஆளற்றுக் கிடக்கிறது. வெளியேறும் வேளையில் பிறர் கூறும் நாட்கணக்கையோ எமது நெஞ்சம் விரும்பும் நாட்கணக்கையோ நம்பிப் பொருள் தெரிவு செய்தல் தகாது என்பதே இவை யாவும் உணர்த்தும் உண்மை.

தெரிவு செய்யும் உரிமையே மறுக்கப்பட்டோரையும் இங்கு நாம் நினைவுகூர்தல் கடன். 1995இன் பேரிடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்துச் சோனகத் தெருப் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஒன்றுகூட்டி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். அவர்கள் கொண்டுசெல்ல விடப்பட்டவை சிறிதளவு உடையும் 150 ரூபாய்ப் பணமுமே. நகைகளும் பொருள்களும் வழியிலே பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் வட மாகாணத்தினின்று இவ்வாறு துரத்தப்பட்டோர் தொகை எழுபதினாயிரத்துக்கும் மேலென மதிப்பிடப்படுகிறது. அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்திற் குடியேறினர். தலைமுறை தலைமுறையாக அயலவராய் வாழ்ந்தோருக்கு நேர்ந்த இவ்வநீதியை மறைத்துவிட்டு, எமது இடப்பெயர்வை மட்டும் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் நேர்மையாகாது. ஒரே திகதி இரு சமூகத்தாருக்கும் துயர நாளாயிற்று. ஒரு சாராருக்கு உரப்பை நிரப்பவாவது சற்று அவகாசம் இருந்தது. மற்றச் சாராருக்கு அதுவும் இருக்கவில்லை.

சரி, ஆண்டுகள் கழிந்து திரும்பி வந்தபோது, 'இதை எடுத்திருக்கலாமே' என்று மக்கள் ஏங்கியது எதற்காக? அரிசிக்காக அன்று; அது ஒரு மாதத்திலே தீர்ந்திருக்கும். பாத்திரங்களுக்காகவும் அன்று, அவற்றை மீண்டும் வாங்கலாம். அவர்கள் தேடியவை பெரும்பாலும் கடதாசிகள். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம் ஆகியவை இல்லாதவர், தம்மைத் தாமே நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

காணி விடயத்தில் இதற்கு மற்றுமொரு காரணமுண்டு. எமது நாட்டுச் சட்டப்படி, ஒருவர் பிறரது காணியை அவருக்கு எதிராகத் தடையின்றிப் பத்தாண்டுகள் ஆண்டுவந்தால் உரித்துக் கோர இடமுண்டு. இடம்பெயர்ந்து சென்ற சொந்தக்காரருக்கு இது பேரிடராயிற்று. ஆகவேதான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையை நாடமுடியாது போனவர்களுக்கு அது விசேட ஏற்பாடு செய்தது. எனினும் சட்டம் கதவைத் திறந்தாலும் உரித்தைக் காட்டும் பத்திரம் கையிலிருத்தல் வேண்டுமன்றோ?

கடதாசி மட்டும் போதுமா என்று கேட்பின், போதாது என்றே கூறுவோம். 1942 ஜூலையில் நாசிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழப் புறப்பட்ட ஆன் பிராங்க் எனும் 13 வயதுச் சிறுமி, தன் பாடசாலைப் பையில் முதலில் வைத்தது அவளது நாட்குறிப்பை. பாடப் புத்தகங்களும் சீப்பும் பழைய கடிதங்களும் அதன் பின்னரே இடம் பெற்றன. பெரியோர் கண்ணுக்குப் பயனற்றதாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்த நாட்குறிப்பே பிற்காலத்தில் உலகெங்கும் படிக்கப்பட்டது. பிள்ளை விரும்பும் சிறு பொருள் ஒன்றுக்குப் பையில் இடம் விடுதல் வீண் செலவாகாது. காலஞ்சென்ற பாட்டனாரின் ஒரேயொரு புகைப்படமும் அவ்வாறானதே. கடையில் வாங்க முடியாதது எதுவோ அதற்கே முதலிடம் என்பது நல்லதொரு விதி.

போர் ஓய்ந்துவிட்டது, இனி இப்பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். 2004 டிசெம்பர் 26இல் வடமராட்சிக் கிழக்குக் கரையைச் சுனாமி அழித்தபோது எவருக்கும் மணிக்கணக்கில் அவகாசம் இருக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளமும் சூறாவளியும் வருவன. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் எம்முன்னோர்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையிற் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து செய்யக்கூடிய காரியம் ஒன்றைக் கூறுவோம். உறுதியின் இலக்கம், எழுதிய திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறியுங்கள். உறுதி தொலைந்தாலும், இவை தெரிந்திருப்பின் காணிப் பதிவகத்திற் பிரதி தேடுதல் எளிதாகும். பத்திரங்களைப் பிரதி செய்து ஒரு தொகுதியைத் தூர ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள். கைத்தொலைபேசியிற் படமெடுத்தும் வைக்கலாம். ஆயினும் மின்சாரமற்ற நாளில் தாளே கைகொடுக்கும். மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு ஒரே பையில் வையுங்கள். முதியோரின் மருந்துச் சீட்டும் மூக்குக் கண்ணாடியும் எங்கிருக்கின்றன என்பதை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருக்கட்டும். நடக்க இயலாதவரை யார் அழைத்துச் செல்வது என்பதையும் அன்றே பேசி முடியுங்கள்.

பின்னர் பிள்ளைகள் ஒவ்வொருவரையும், 'நீ ஒரு பொருள் மட்டும் எடுக்கலாமெனில் எதை எடுப்பாய்?' என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடையையும் அதே கொப்பியிற் குறித்து வையுங்கள்.