கானலில் வெளிமான்

கொல்லிமலை தேவனூர் நாட்டு மாணவர்கள் சிலரைக் கோடியக்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1967 முதல் வெளிமான்களுக்குச் சரணாலயமாக விளங்கும் கடலோரக் காடு அது. நண்பகல் நேரம். திறந்த புல்வெளியில் தொலைவில் மான்கள் நின்றன. 8 மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலரில் பார்த்தும் உருவம் நெளிந்தது. முறுக்குக் கொம்புள்ள கலை எது, கொம்பில்லாத பிணை எது என்று எண்ணிக் குறிக்க இயலவில்லை. "கருவி பழுதா, சார்?" என்றான் ஒருவன்.

பழுது கருவியில் இல்லை. வெயிலில் காய்ந்த தரை, தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. அடர்த்தி குறைந்த அக்காற்று மேலெழ, குளிர்காற்று கீழிறங்குகிறது. அடர்த்தி மாறினால் ஒளிவிலகல் எண்ணும் மாறும். ஆகவே மானிடமிருந்து வரும் ஒளிக்கதிர் கணத்துக்குக் கணம் வேறுவேறாக வளைகிறது. கருவி மானைப் பெருக்கும்போது இந்த நடுக்கத்தையும் 8 மடங்கு பெருக்கிவிடுகிறதே! மலையில் பள்ளத்தாக்கைக் கடந்து பார்க்கும்போது பார்வைக்கோடு தரைக்கு வெகு உயரத்தில் செல்வதால் இத்தொல்லை குறைவு. (கானல் என்ற சொல்லுக்குக் கடற்கரைச் சோலை என்றும் பொருளுண்டு!)

கிட்டே போனால் மான் ஓடிவிடும். தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் பாருங்கள்; அல்லது இராமர் பாதம் போன்ற மணல்மேட்டில் ஏறிப் பாருங்கள். மறுநாள் விடிந்ததும் அதே மாணவன் கொம்பிலுள்ள முறுக்குகளையே எண்ணத் தொடங்கிவிட்டான்.