நெஞ்சில் வைத்த கருவி நகரலாமா?

நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுந்த உங்கள் வீட்டுப் பெரியவருக்கு, 'பேஸ்மேக்கர்' எனும் இதயத்துடிப்புக் கருவியைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்களா? அப்படியானால் இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மனித உடலுக்குள் இக்கருவியை முதன்முதலில் வைத்தது 1958இல், சுவீடன் நாட்டில். அதைப் பெற்ற ஆர்னே லார்சனுக்கு முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக 26 கருவிகளின் துணையோடு அவர் 2001 வரை வாழ்ந்தார். ஆகவே அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்.

கருவி தோலுக்கடியில் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போய் ஊன்றி நிற்கிறது. புதிதாய் நட்ட கன்று வேர் பிடிக்க நாளாவது போல, கம்பியும் பிடிப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும்.

கட்டிபோல் கைக்குத் தட்டுப்படும் கருவியைச் சிலர் தம்மை அறியாமலேயே உருட்டுவார்கள். கருவி சுழலச் சுழல, கம்பி கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இதயத்திலிருந்து கழன்றுவிடும். 1968இலேயே மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

கம்பி நகர்ந்தால் பழைய மயக்கம் திரும்பலாம். ஓயாத விக்கல் வரலாம். தோள் தசை துடிக்கலாம். கம்பியின் நுனி இதயச் சுவரைத் துளைத்தால் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வரும். கம்பி செல்லும் குழாயில் இரத்தம் உறைந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கும்.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். கை வீங்கினால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வழக்கம். தயவுசெய்து வேண்டாம்! உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பால்மரம் சீவுவோரே, செம்பனைக் குலை அறுப்போரே! மருத்துவர் அனுமதிக்கும்வரை அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், பாரம் சுமக்காதீர்கள். அதற்காகக் கையைக் கட்டிப் போட்டுவிடவும் வேண்டாம், தோள் இறுகிவிடும். மெல்ல அசைத்து வாருங்கள்.

கருவியின் அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். கம்பி நகர்ந்ததை அங்கே கண்டுபிடித்து, மீண்டும் சரியாகப் பொருத்திவிட முடியும். ஒருநாள் சம்பளத்தைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். உயிரைச் சம்பாதிக்க முடியுமா?