சாகுபடிக் கணக்கில் வழங்கும் சொற்கள்

பண்டத்திற்கும் உழைப்பிற்கும் நாம் கொடுப்பதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. நெல்லுக்கு விலை, நிலம் வாங்கினால் கிரயம், ஆளுக்குக் கூலி, வண்டிக்கும் இயந்திரத்திற்கும் வாடகை, கடனுக்கு வட்டி, பிறர் நிலத்தைப் பயிரிட்டால் குத்தகை அல்லது வாரம். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குதல் கூடாது. குத்தகையாவது முன் பேசியபடி செலுத்த வேண்டிய தொகை அல்லது தானியம். வாரமாவது கண்டுமுதலில் ஒரு பங்கு. விளைவு குன்றுமிடத்து, முன்னதில் நஷ்டம் பயிரிடுவோனையே சாரும். பின்னதில் இருவரையும் சாரும். சீட்டில் இச்சொல் பிசகினால் வியாஜ்யத்திற்கு இடமாகும்.

இவற்றினும் அதிகமாய் மயங்க வைப்பது 'செலவு' என்னும் சொல். கையை விட்டுப் போன ரொக்கமே செலவு என்று குடியானவர் அநேகர் கருதுகின்றனர். விதை, எரு, கூலி, வாடகை, வட்டி ஆகியவற்றை எழுதி, விற்ற தொகையில் கழித்து, மீதியை லாபம் என்கின்றனர். வீட்டு நெல்லை விதைத்தாலும் அதற்கு விலை உண்டு. சொந்தக் கலப்பைக்கும் மோட்டாருக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் உண்டு. வீட்டார் களையெடுத்த நாட்களுக்குக் கூலி வைத்தல் வேண்டும். சொந்த நிலத்தைப் பிறரிடம் விட்டிருந்தால் கிடைக்கக்கூடிய குத்தகையும், முதலுக்கு உரிய வட்டியும் கணக்கில் ஏற வேண்டியவையே.

1965-ஆம் ஆண்டு ஏற்பட்டு, 1985-இல் விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையம் எனப் பெயர் மாறிய மத்திய ஸ்தாபனம் இச்செலவுகளைப் படிப்படியாகப் பிரித்துக் கணிக்கின்றது. ரொக்கமாகவும் பொருளாகவும் செய்த செலவுடன் வீட்டார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தது ஒரு கணக்கு. அதனுடன் சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் கூட்டியது மற்றொன்று.

இவ்விரண்டின் பேதம் சிறிதன்று. 2018-19 காரிப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு முதற்கணக்கு ரூ. 1,166, இரண்டாவது ரூ. 1,560. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஆதரவு விலை ரூ. 1,750. முதற்கணக்கின்படி மிச்சம் ரூ. 584, அதாவது செலவில் நூற்றுக்கு 50. இரண்டாவதன்படி ரூ. 190 மட்டுமே, நூற்றுக்குச் சுமார் 12. நெல்லும் விலையும் ஒன்றே. செலவு என்னும் சொல்லின் பொருள் மட்டுமே வேறுபட்டது. 'செலவின் ஒன்றரை மடங்கு விலை' என்று யாரேனும் சொன்னால், எந்தச் செலவு என்று கேட்டறிதல் அவசியம்.

இக்கணக்குகளுக்கு ஆதாரம், 1970-71 முதல் நடைபெற்று வரும் சாகுபடிச் செலவுத் திட்டத்தின் களப்பணியாளர் கிராமங்களில் சேகரிக்கும் விவரங்களாகும். நிலமுடையோர் வீட்டு உழைப்பையும் சொந்த விதையையும் சொல்லாது விட்டால், செலவு குறைவாகவே பதிவாகும். ஆகவே ஒவ்வொருவரும் நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்து, ரொக்கம், சொந்தப் பொருள், வீட்டார் உழைப்பு, குத்தகையும் வட்டியும், தேய்மானம் என ஐந்து பத்தி வகுத்து, அன்றன்று எழுதி வருதல் நலம். ஒரே தொகையை இரு பத்தியில் எழுதாதிருக்கக் கவனித்தல் வேண்டும். கிராம அதிகாரிகளும் குத்தகைச் சீட்டு, வாரச் சீட்டு இவற்றின் பேதத்தைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வாராயின் பெரிதும் உபகாரமாகும். பருவ முடிவில் அப்பத்திகளைக் கூட்டிப் பார்ப்பவரே, தமது நிலம் தம்மைக் காக்கின்றதா, தாமே நிலத்தைக் காத்து வருகின்றாரா என்பதை உள்ளபடி அறிவர்.