கள்ளிக் குழவியும் செவிலித் தாயும்

ஓரறிவுயிரின் இளமையைக் குழவி என்றும் வழங்கலாமெனத் தொல்காப்பிய மரபியல் இடந்தருகின்றது. அப்பெயரின் பொருத்தத்தை, கள்ளிவிதை முளைத்துக் கடுகளவாய் நிற்குங்கால் கண்டோர் நன்கறிவர். வளர்ந்தபின் நெடிய வேனிலையும் பொறுக்கவல்ல அச்செடி, முளைப்பருவத்தில் ஒருநாட் கடுவெயிலுக்கும் ஆற்றாது வாடும். நீர் சிறிது மிகினும் அழுகும். அதனைக் காக்கும் வழிகளுள் ஒன்று ஒட்டுக்கட்டுதலாம்.

ஈண்டுக் கள்ளி என்றது சங்கச் செய்யுட்களின் பாலைநிலத்திற் பயிலும் கள்ளியை அன்று. அது கீறியவிடத்துப் பால் சுரக்கும் வேற்றினம். யான் கூறப்புகுந்தது அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட காக்டஸ் என்னும் குடும்பத்தை. நம் நாட்டு வேலிகளிற் காணும் சப்பாத்திக்கள்ளி அக்குடும்பத்ததே. இவ்விரண்டினமும் தோற்றத்தால் ஒத்தனவேனும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டா.

ஆதலின் முளையைத் தாங்கும் செவிலியும் காக்டஸ் இனத்ததாதல் வேண்டும்; விரைந்து வளர்வதாதலும் வேண்டும். மெக்சிகோ நாட்டில் வளரும் பெரஸ்கியாப்சிஸ் என்னும் இலையுடைய மெல்லிய செடி இளமுளைகட்கு மிக ஏற்றது. சற்றே பருத்த கன்றுகட்கு டிராகன்பழக் கொடி உதவும்.

முறை வருமாறு: புதிய சவரத்தகட்டை ஸ்பிரிட்டினால் துடைத்துக்கொள்க. அடிச்செடியின் இளந்தண்டை நுனிக்குச் சற்றுக் கீழே, குறுக்காக, ஒரே வீச்சில் அரிக. முளைத்து இரண்டு மூன்று வாரமான குழவியை வேருக்கு மேலே அரிந்து, அத்தகட்டின்மேலேயே ஏந்திவந்து, ஈரம் புலராமுன் தண்டின் வெட்டுவாயில் நழுவவிடுக. இடையிற் காற்றுக்குமிழி நில்லாதபடி மெல்ல அழுத்துக. நூலாற் கட்டவேண்டுவதில்லை, சாற்றின் பசையே பற்றிக்கொள்ளும். பின்னர்க் கண்ணாடிக் குவளையாற் கவித்து, 3 முதல் 5 நாள் நிழலில் வைத்து, சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்குக.

இவையனைத்தும் செய்தும் என் முதல் ஐந்து முளைகளும் வாடி வீழ்ந்தன. காரணம் பின்னரே விளங்கிற்று. தண்டை அரிந்து நோக்கின், நடுவிலுள்ள சோற்றைச் சூழ்ந்து ஒரு வளையம் தோன்றும். நீரும் உணவும் செல்லும் குழாய்கள் அவ்வளையத்திலேயே உள்ளன. முளையின் வளையமோ ஒரு புள்ளியளவினது. அழகு கருதி யான் அதனைத் தண்டின் நட்டநடுவே அமைத்தேன். அது சோற்றின்மேல் அமர்ந்து, வளையத்தைத் தொடாமற் போயிற்று. சற்றே ஒருபுறம் ஒதுக்கி, இருவளையமும் ஓரிடத்திலேனும் சந்திக்குமாறு வைத்தபின்னரே ஒட்டுப் பிடித்தது. சில வாரங்களில் அம்முளை பருத்ததைக் கண்டு யானே வியந்தேன்.

இக்கலையின் பயனை முற்றும் உணர்த்துவது 1941-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று. ஜப்பானில் வாத்தனாபே எய்ஜி என்பார், ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சி என்னும் கள்ளியின் நாற்றுக்களிடையே, பச்சையமின்றிச் செந்நிறமாய் முளைத்த இரண்டினைக் கண்டார். பச்சையமில்லாத பயிர் கதிரொளிகொண்டு உணவாக்க மாட்டாது. விதையின் சேமிப்புத் தீர்ந்ததும் மடியும். அவற்றை அவர் பச்சைக் கள்ளியின்மேல் ஒட்டினார், அவை பிழைத்தன. இன்று கடைகளில் விற்கும் செந்தலைக் கள்ளிகள் அவ்வழியில் வந்தனவே.

ஆயினும் ஒரு வேறுபாடு அறியத்தக்கது. பச்சைநிறக் கன்று வளர்ந்தபின், அதனை அரிந்தெடுத்து, வெட்டுவாய் உலர்ந்ததும் மணலில் ஊன்றின் தன்வேர் கொண்டு வாழும். செந்தலையோ எஞ்ஞான்றும் செவிலியை நீங்கி உய்யாது. சில ஆண்டுகளிற் செவிலி தளருமாதலின், அதற்குமுன் மற்றொன்றின்மேல் அதனை மாற்றுதல் வேண்டும். என் அறைச் சாளரத்திலும் அத்தகையது ஒன்று உளது. அதன் அடிச்செடி இப்பருவத்தில் மஞ்சளித்து வருகின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் புதிய செவிலியொன்றைத் தேடித்தருதல் என் கடனாகும்.