மாதிரி ரயிலில் குறுக்குச்சுற்று: பாதுகாப்புக் கருவி ஏன் துண்டிக்கத் தவறுகிறது?

மாதிரி ரயில்களை எண்ணிம முறையில் இயக்கும் தொழில்நுட்பங்களுள் பரவலாக வழங்குவது டிசிசி எனப்படும் டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல் ஆகும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய வழிமுறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதற்குப் பொதுவான தரநிர்ணயங்களை வகுத்தது. பழைய முறையில் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தைக் கட்டுப்படுத்தினர். டிசிசியிலோ தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்னழுத்தம் நிற்கிறது. அதன் துருவம் நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் மாறிக்கொண்டே இருக்க, 58 மைக்ரோநொடி நீடிக்கும் துடிப்பு ஒன்று என்றும், ஏறத்தாழ 100 மைக்ரோநொடி நீடிப்பது சுழி என்றும் பொருள்பட்டு, எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்னும் மின்னணுப் பலகைக்குக் கட்டளையாகச் சேர்கிறது.

இந்த அமைப்புக்கு ஆற்றல் தருவது பூஸ்டர் என்னும் மின்பெருக்கி. பல எஞ்சின்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருப்பதால், எடுத்துக்காட்டாக, 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் வரை, அதாவது 75 வாட் வரை அது வழங்குகிறது. தடம்புரண்ட பெட்டியின் உலோகச் சக்கரம் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால் குறுக்குச்சுற்று உண்டாகிறது. மின்னோட்டம் 5 ஆம்பியரைத் தாண்டியதும் பூஸ்டர் அதை உணர்ந்து, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

துண்டிக்கத் தவறும்போது பழி பெரும்பாலும் கருவியின்மீது விழுந்தாலும், குறை பல நேரங்களில் ஒயரில்தான் இருக்கிறது. 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் பாய, சுற்றின் மொத்த மின்தடை 3 ஓமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். மெல்லிய ஒயர், தளர்ந்த தண்டவாள இணைப்பு, சரியாகப் பற்றவைக்காத முனை ஆகியவற்றில் 2 ஓமும், அழுக்கேறிய சக்கரம் தொடும் இடத்தில் 1.5 ஓமும் சேர்ந்துவிட்டால், மின்னோட்டம் 4.3 ஆம்பியரிலேயே நின்றுவிடுகிறது. பூஸ்டரின் பார்வையில் அது பல எஞ்சின்கள் ஓடுவதைப் போன்ற இயல்பான சுமையே. ஆனால் சக்கரம் தொடும் அந்தச் சிறு புள்ளியில் 27 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் குவிகிறது. சால்டரிங் அயர்ன் ஒன்றை அங்கே ஊன்றி வைத்ததற்கு இது நிகர் என்பதால், சக்கரச் சட்டத்தின் பிளாஸ்டிக் உருகத் தொடங்குகிறது.

குறை இருக்கும் இடத்தைக் கண்டறிய எளிய வழி நாணயச் சோதனை. எஞ்சின்களை அகற்றிவிட்டு, உலோக நாணயம் ஒன்றை இரு தண்டவாளங்களின்மீதும் வைத்தால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். இல்லையேல் நாணயத்தை அக்கணமே எடுத்துவிட வேண்டும். பூஸ்டருக்கு அருகில் தொடங்கித் தொலைவு நோக்கி இவ்வாறு சோதித்துச் சென்றால், முதலில் தவறும் இடத்துக்கும் அதற்கு முன் சரியாகத் துண்டித்த இடத்துக்கும் இடையே குறை சிக்கிவிடும். மல்டிமீட்டரின் ஓம் அளவீடு இதற்குப் போதாது. அது செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால், மோசமான இணைப்பும் அதில் நல்லதாகவே தென்படக்கூடும். 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் கார் விளக்கு ஒன்றைத் தண்டவாளத்தில் இணைத்து, அது எரியும்போது பூஸ்டர் முனையிலும் தண்டவாளத்திலும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தால், இடையில் 2 வோல்ட் குறையும் பாதையில் 1 ஓம் மின்தடை இருப்பது வெளிப்படும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஒலி எழுப்பும் டிகோடர்களில் உள்ள மின்தேக்கிகள், மின்சாரம் வந்த கணத்தில் பெரும் மின்னோட்டத்தை உறிஞ்சுவதால், குறுக்குச்சுற்று இல்லாதபோதே, தண்டவாளத்தின் அந்தப் பகுதிக்கான சர்க்யூட் பிரேக்கர் மீண்டும் மீண்டும் துண்டிக்கலாம். எஞ்சின்களைத் தடத்திலிருந்து எடுத்ததும் இந்தத் துண்டிப்பு நின்றுவிட்டால், காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு மிகுதி. எஞ்சின்களைப் பல பகுதிகளுக்குப் பிரித்து நிறுத்துவதும், பிரேக்கரின் தாமத நேரத்தைச் சற்றே கூட்டுவதும் தீர்வாகும். ஆயினும் தாமதத்துக்கு ஓர் எல்லை உண்டு. பெரிய அமைப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பிரேக்கர் வைப்பதன் நோக்கமே, ஓரிடத்துக் குறுக்குச்சுற்று மற்ற இடங்களை நிறுத்திவிடாமல் காப்பதாகும். அதற்குப் பிரேக்கர் பூஸ்டரைவிடக் குறைந்த மின்னோட்டத்திலும் விரைவாகவும் செயல்பட வேண்டும். வளைந்து திரும்பித் தன் தடத்திலேயே சேரும் பாதையில் துருவத்தைத் தானாக மாற்றும் கருவியோ, பிரேக்கரையும் முந்திக்கொள்ள வேண்டும்.

நாணயச் சோதனையில் தேறியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. நாணயம் தண்டவாளத்தில் நன்கு படிந்து கிடக்கும். தடம்புரண்ட சக்கரம் அவ்வாறு படியாமல், தன் மின்தடையையும் சுற்றில் சேர்க்கும். ஆகவே தடித்த முதன்மை ஒயரை அமைப்பின் நீளம் முழுதும் கொண்டுசென்று, அதிலிருந்து குறுகிய கிளை ஒயர்களைத் தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பற்றவைப்பதே உறுதியான காப்பு. புதிதாக ஒரு தடம் சேர்க்கும்போதெல்லாம், எஞ்சினை ஏற்றும் முன் அங்கே நாணயத்தை வைத்துப் பார்ப்பது, விலைமதிப்புள்ள ஒவ்வொரு மாதிரிக்கும் உரிமையாளர் செய்ய வேண்டிய முதல் கடமையாகும்.