துரைமார் பாட்டா ஜாஸ்?

ஜாஸ் என்றதும், "அது துரைமார் கிளப்பு சங்கதி, நமக்கெதுக்கு?" என்பார் நம்மில் உண்டு. அதன் வேர், அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாய்ப் பருத்தி எடுத்த கறுப்பின மக்களின் வேலைப் பாட்டில் அல்லவா இருக்கிறது! தோட்டத்து மக்களாகிய நமக்கு அது எப்படி அந்நியமாகும்?

சிங்கப்பூரில் 1960இல் பிறந்த ஜெரமி மொன்டேரோ அந்த இசையைப் பியானோவில் வாசித்தே பேரெடுத்தவர். 1988இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரே ஜாஸ் விழாவில் வாசித்தார். 2002இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றார். அந்நாட்டுப் பிள்ளைகள் பாடும் 'ஒன் பீப்பள், ஒன் நேஷன், ஒன் சிங்கப்பூர்' பாட்டுக்கு 1990இல் மெட்டுப் போட்டவரும் இவரே. பாடுகிற பிள்ளைகளுக்கு அது தெரியுமோ என்னவோ!

எமக்குப் பெரிதாகப் படுவது வேறு. கைதட்டலோடு நின்றுவிடாமல் லசால் கலைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார். 2016இல் அமைந்த சிங்கப்பூர் ஜாஸ் சங்கத்தின் வழி இளையோரை மேடையேற்றினார். நம் தோட்டத்துக் கோயிலில் நாயனம் ஊதும் பெரியவரிடம் கத்துக்க எத்தனை பையன்கள் உட்காருகிறார்கள்?